மேசையில் ஒரு தட்டு

எவ்வளவு குறைவாகப் படித்திருக்கிறாய் என்று கேட்டு, அந்தக் குறைவுக்காகவே ஒரு பொறுப்பைக் கொடுத்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் நடந்தது. அதைப் பற்றித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் நான் ஓய்வு பெற்ற கையோடு, தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பிகள் இரண்டு பேர் அகரத்தில் என் வீட்டுக்கு வந்தார்கள். இனிமேல் பார்வையற்ற மாணவர்கள் கணினியில் தாங்களே தேர்வு எழுதப்போகிறார்களாம். கேள்வியைக் கணினியே காதில் படித்துக் காட்டும். பிள்ளைகள் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். "இம்புட்டு வருசம் நீங்க எப்படிண்ணே சமாளிச்சீக? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்கண்ணே" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போனதிலிருந்து ஒரே கவலை. இத்தனை காலம் அடுத்தவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் ஒரு பிழையில்லாமல் எழுதிவிடுவேன். நானாக எழுதுவதென்றால் முதல் வரிக்கே பேனா நகரவில்லை.

எங்கள் நிறுவனம் துறவற சபை நடத்துகிற சின்னப் பல்கலைக்கழகம். பெயர்ப் பலகைதான் பெரிது. உள்ளே ஒரு மேல்நிலைப் பள்ளி அளவுக்குத்தான் பிள்ளைகள். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஏறி "பல்கலைக்கழகம் ஒண்ணு" என்று கேட்டால் நடத்துநர் பெரிய பல்கலைக்கழகம் இருக்கிற காந்திகிராமத்துக்குச் சீட்டுக் கிழித்துவிடுவார். "அது இல்லைங்க, சிஸ்டர்மாரு காலேஜு" என்று சொல்ல வேண்டும். அங்கே நான் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு அலுவலக உதவியாளர் ஆனேன். அறிவிப்புப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. கையெழுத்து மட்டும் எனக்கு வாய்த்திருந்தது.

ஒருநாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரான சிஸ்டர் பெர்னதெத் பலகைக்கு முன்னால் நின்றார். நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"இது உங்கள் கையெழுத்தா, முருகேசன்?"

"ஆமா சிஸ்டர்." தப்பாக ஏதோ எழுதிவிட்டேன் என்று நினைத்துக் கையில் இருந்த துணியால் பாதிப் பலகையை அழித்தும்விட்டேன்.

"எதுவரை படித்தீர்கள்?"

"எட்டு, சிஸ்டர். ஒம்பதுக்குப் போகலை."

"எட்டு. ஒன்பதுக்குப் போகவில்லை. மிகவும் நல்லது" என்றார்.

சிஸ்டரின் பழக்கம் அது. எதிராளி சொன்னதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லுவார். அதன் பிறகுதான் தன் பேச்சை ஆரம்பிப்பார். குரல் உயராது, தாழாது. நாம் சொன்னது நமக்கே வேறொருவர் சொல்வதுபோலக் கேட்கும். பொய் சொன்னவர்கள் அந்த இடத்திலேயே திணறிப்போவார்கள்.

பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதிக்கொடுப்பவரை 'சொல்வதை எழுதுபவர்' என்பார்கள். அவர் அந்த மாணவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. தன் அறிவைக் கலந்து எழுதிவிடக் கூடாது அல்லவா? அதுவரை பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்களாம். அவர்களுக்கே தேர்வு வந்துவிடுகிற காலத்தில் ஆள் கிடைக்காமல் போயிற்று. எட்டாம் வகுப்போடு நின்ற, கையெழுத்து நன்றாக உள்ள ஓர் ஆள் வளாகத்துக்குள்ளேயே கிடைத்ததில் சிஸ்டருக்கு நிம்மதி.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. நான் எட்டோடு நின்றதே தேர்வுக்குப் பயந்துதான். கேள்வித்தாளைக் கையில் வாங்கினால் வாசல் பக்கம்தான் கண் போகும். இரண்டு தடவை வகுப்பிலிருந்து பாதியில் ஓடி வந்தவனை, "சரி, பூப்பறிக்கப் போ" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அப்படி ஓடி வந்தவனை ஒவ்வொரு பருவத்திலும் தேர்வு அறைக்குள் உட்கார வைத்துவிட்டது காலம். கடைசியில் பார்த்தால் எங்கள் பேராசிரியர்களைவிட நான் எழுதிய தேர்வுகள் அதிகம். ஒன்றுகூட என்னுடையதில்லை, அவ்வளவுதான்.

தேர்வு நாள் வந்தால் காலையில் சோறு இறங்காது. என் மனைவி ராக்கம்மா சிரிப்பாள். "ஊருல உள்ள பிள்ளைக பரீட்சை எழுதுதுக, இங்க ஒங்களுக்கு வயித்தால போகுது. தொட்டுக்க வெஞ்சனம் இல்லாட்டியும் சோத்துல மோர ஊத்தியாச்சும் குடிச்சிட்டுப் போங்க" என்பாள். நான் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். நடுவில் எழுந்து போக வேண்டி வந்தால் பிள்ளையின் நேரம் போகுமே. சட்டைப் பையில் நான்கு பேனா வைத்திருப்பேன். நான்கையும் முந்தின நாளே ஒரு பக்கம் எழுதிப் பார்த்திருப்பேன். கேள்வித்தாள் வந்ததும் பின்பக்கம் அச்சு இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். படித்து முடித்ததும் மறுபடியும் திருப்பிப் பார்ப்பேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன் முதல் மாணவன் ஆரோக்கியம். திண்டுக்கல் டவுன் பையன், வாய்த்துடுக்கு. அவன் சொல்லச் சொல்ல நான் பழக்கத்தில் 'ம்' கொட்டிக்கொண்டே எழுதினேன். முதல் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னான்.

"அண்ணே, நீங்க 'ம்' கொட்டுறீக பாருங்க, அதுலயே பாதி விடை வந்துருது. சரியாச் சொன்னா சின்னதா ஒரு 'ம்'. நான் ஒளறுனா 'ம்ம்ம்'னு இழுக்கிறீக. ஒடனே மாத்திச் சொல்லிருவேன். ரொம்ப நல்லவுகண்ணே நீங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. நேரே சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "'ம்' கொட்டினீர்கள். அவன் மாற்றிச் சொன்னான்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு ஒரு முறையை வகுத்தார். அறைக்குள் நான் வாய் திறப்பது கேள்வியைப் படிக்கவும், கடைசியில் எழுதியதைப் படித்துக் காட்டவும் மட்டும்தான். மற்றபடி, எழுதி முடித்தேன், மேலே சொல்லலாம் என்பதற்குப் பேனாவின் அடிப்பக்கத்தால் மேசையில் ஒரு தட்டு. பதில் சரியென்றாலும் ஒரு தட்டு, தப்பென்றாலும் அதே ஒரு தட்டு. சத்தம் கூடக் கூடாது, குறையக் கூடாது. அதற்காகச் சாயங்காலங்களில் சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நான் தட்டுவேன். "இது வேறு மாதிரி இருந்தது. மறுபடியும்" என்பார். மூச்சு விடுவதைக்கூட ஒரே சீராக விடப் பழகினேன்.

ஆரோக்கியம் 'இந்திய அரசியலமைப்பு' தாளில் இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை தேறினான். அவனுடன் சேர்ந்து நானும் அதை மூன்று தடவை எழுதினேன். பிறகு வந்தவர்களுக்கும் எழுதினேன். விருப்பம் இருக்கிறதோ இல்லையோ, எழுதிய கை சிலதை வைத்துக்கொள்ளத்தான் செய்யும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கோகிலா விஷயத்தில் எல்லாம் அந்தத் தாளைச் சுற்றித்தான் நடந்தது.

கோகிலா தொப்பம்பட்டிப் பக்கத்துப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. வரலாறு படிக்க வந்திருந்தாள். விடுதித் தோழிகள் பாடங்களைப் படித்துக் கைப்பேசியில் பதிந்து கொடுப்பார்கள். அவள் துணி துவைக்கும்போதும், வளாகத்து மாதா கோயில் திண்டில் உட்கார்ந்திருக்கும்போதும், மெஸ்ஸில் வரிசையில் நிற்கும்போதும் காதில் அதுதான் ஓடும். அந்தப் பதிவுகளில் பாடம் மட்டுமா இருக்கும்? குக்கர் விசில், மின்விசிறிச் சத்தம், யாரோ யாரையோ திட்டுவது எல்லாம் இருக்கும். ஒருமுறை உள்தேர்வில் முகலாயர் நிலவரி பற்றிச் சரளமாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், "ஏய், சட்னி தீந்துபோச்சுடி" என்று அதே குரலில் சொன்னாள். நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு முழித்தேன்.

"அதை எழுதிப்போடாதீங்ணா. அந்த எடத்துல அப்படித்தானுங்க வரும்" என்று சிரித்தாள்.

அப்படிக் கேட்டுப் பழகியதால் அவளுக்கு வரி வரியாகச் சொல்ல வராது. ஒரு பத்தியை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் சிதறிவிடும். நானோ மெதுவாக எழுதுகிறவன். அதனால் எங்களுக்குள் ஒரு முறை ஏற்பட்டது. அவள் ஒரு பத்தியை முழுதாகச் சொல்லுவாள். நான் கண்ணை மூடிக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்வேன். பிறகு அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அடுத்த பத்தியை உள்ளுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் நான் வாங்கியதை எழுதி முடிப்பேன். ஒரு தட்டு. அடுத்த பத்தி. முதலில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை சிந்தாமல் வந்தது.

கோகிலா மூன்றாம் ஆண்டில் காய்ச்சலோடு எழுதி அரசியலமைப்புத் தாளில் மட்டும் தவறிவிட்டாள். மற்ற எல்லாம் தேறியாயிற்று. பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது. அந்த அரியர் தாளை முடித்துக் கொடுத்தால் சேரலாம். வீட்டில் அவளுடைய அண்ணன் பிடிவாதமாக இருந்தார். "இந்தத் தடவை ஆகலைன்னா பொட்டியத் தூக்கிட்டு வந்துருன்னு சொல்லிப்போட்டாருங்ணா. ஒரு அறைக்குள்ள உக்கார வெச்சுச் சோறு போடறோம்ங்கறாரு" என்று அவள் என்னிடம் சொன்னது தேர்வுக்கு முந்தின நாள். அன்றைக்கு நான் எத்தனை பேனா வாங்கினேன் என்று ராக்கம்மாவைக் கேட்டால் சொல்லுவாள்.

சொல்லி எழுதுவதற்குத் தனி அறை வேண்டும். கோயிலுக்குப் பின்னால் மெழுகுவர்த்தித் தண்டுகளும் பூச்சாடிகளும் வைக்கும் சின்ன அறைதான் எங்களுக்கு. மெழுகு வாசனை அடிக்கும். கதவருகே கண்காணிப்பாளராக ஒரு டீச்சர் உட்காருவார்.

அன்று எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, மாநிலங்களவை வரும் வரை.

"மாநிலங்களவையின் அமைப்பையும் பணிகளையும் விளக்குக" என்று படித்தேன். கோகிலா முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து முதல் பத்தியைச் சொன்னாள். மாநிலங்களவை நாடாளுமன்றத்தின் மேலவை, சரி. இரண்டாவது பத்தியில், அதன் உறுப்பினர்களை மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதன் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள், அதன் பிறகு அவை கலைந்துவிடும் என்று தடையில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

அது மக்களவை. மாநிலங்களவை கலைவதே கிடையாது. உறுப்பினருக்கு ஆறு ஆண்டுகள். ஆரோக்கியத்துக்கு நான் எத்தனை தடவை எழுதியது! நான் கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று தாளைப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன். அவளிடம் 'கேள்வியை மறுபடி படிக்கவா' என்று கேட்கலாம் என்று தோன்றியது. அவள் கேட்டால்தான் படிக்கலாம். நானாகக் கேட்டால் அதுவே 'ம்ம்ம்' என்று இழுத்ததாகிவிடும். 'ஐந்து ஆண்டுகள்' என்று எழுதினேன். எழுதும்போது என் கையை நானே பிடித்து நடத்துவதுபோல இருந்தது. முடித்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினேன். அவள் உற்சாகமாக அடுத்த பத்திக்குப் போனாள்.

அதற்கடுத்த கேள்வி நடந்துகொண்டிருந்தபோது, கூடுதல் விடைத்தாள் எடுத்துவர டீச்சர் அலுவலகத்துக்குப் போனார். கோகிலா ஒரு பத்தி சொல்லி முடித்து உதட்டை மூடிக்கொண்டாள். நான் எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. நிமிரவில்லை, நிமிர்ந்தால் மனத்தில் உள்ள வரி போய்விடும்.

"பேனாவைக் கீழ வைய்யா."

வெளிக்கல்லூரியிலிருந்து பறக்கும் படைக்கு வந்த பேராசிரியர். சற்று நேரமாகவே நின்று பார்த்திருக்கிறார். அவர் பார்த்தது என்ன? பெண் வாயே திறக்கவில்லை. பேனா பாட்டுக்கு ஓடுகிறது.

"அந்தப் பொண்ணு பேசவே இல்ல. நீயா எழுதிக்கிட்டு இருக்க. என்ன நடக்குது இங்க?"

"சார், அவ சொன்னதத்தான் சார்... முன்னாடியே சொல்லிட்டா..."

கோகிலா பதறி எழுந்துவிட்டாள். "அண்ணா மெதுவா எழுதுவாருங்க சார். நான் மொத்தமாச் சொல்லிப்போடுவேனுங்க."

"நீ உக்காரும்மா."

சிஸ்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் டீச்சரும் தாள்களோடு வந்து சேர்ந்து, வாசலில் நின்று கையைப் பிசைந்தார். சிஸ்டர் வந்து பேராசிரியர் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

"பெண் பேசவில்லை. பேனா ஓடியது. துண்டுச் சீட்டு ஏதாவது பார்த்தீர்களா?"

"இல்லை."

"துண்டுச் சீட்டு இல்லை. பெண் பேசவில்லை, பேனா ஓடியது. சரி."

பேராசிரியர் கெட்டவர் இல்லை. எழுதுபவர்களே விடையை எழுதிக்கொடுக்கிற கதையைப் பல இடங்களில் பார்த்திருப்பதாகச் சொன்னார். முறைகேடு என்று அவர் எழுதிவிட்டால் தாள் ரத்து. அடுத்துச் சில தேர்வுகளுக்கு உட்கார விட மாட்டார்கள். பி.எட். போகும். அண்ணன் வந்து பெட்டியைத் தூக்குவார். கோகிலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நான் கண்ணால பாக்கிறேன். ஒரு பத்தி சொல்லச் சொல்லுங்க. இந்த ஆளு மனசுல வாங்கி எழுதட்டும்" என்றார் பேராசிரியர்.

நியாயமான சோதனைதான். கோகிலா தன் ஊரைப் பற்றி ஒரு பத்தி சொன்னாள். தென்னந்தோப்பு, வாய்க்கால், பழனி மலை தெரிவது பற்றி யாரோ சொன்னது என்று என்னவோ சொன்னாள். நான் கேட்டேன். ஆனால் என் காதில் என் நெஞ்சுதான் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வரி எழுதினேன். அதற்குமேல் ஒன்றுமே இல்லை, வெள்ளையாக இருந்தது. நாலு பேர் நின்று பார்க்க எழுதுவது எட்டாம் வகுப்புத் தேர்வில் மறுபடி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"பாத்தீங்களா சிஸ்டர்?" என்று பேராசிரியர் தன் பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கு மாநிலங்களவை நினைவுக்கு வந்தது. நானாக எழுதியிருந்தால் ஐந்து ஆண்டு என்றா எழுதியிருப்பேன்? சாட்சி அந்தத் தாளிலேயே இருக்கிறது. சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் கோகிலா இருக்கிறாள். தேர்வு இன்னும் முடியவில்லை. இங்கே நின்று 'இந்தப் பதில் தப்பு' என்று சொன்னால் நான் அவளுக்கு விடை சொன்னதாகிவிடும். இல்லாத முறைகேட்டை மறுக்கப்போய், உண்மையான முறைகேட்டைச் செய்ததாகும்.

"சிஸ்டர், ஒரு வார்த்தை. வெளிய."

"எதுக்கு வெளிய? இங்கயே சொல்லு" என்றார் பேராசிரியர்.

"இங்க சொல்ல முடியாது சார்."

"சொல்லுங்ணா, நமக்கென்னங்க பயம்?" என்றாள் கோகிலா.

"ஒனக்கு முன்னாடி சொல்ல மாட்டேன்த்தா."

அவள் முகம் அப்படியே வாடிப்போயிற்று. நான் அவளைக் கைவிட்டுவிட்டதாகத்தான் நினைத்திருப்பாள். பேராசிரியர் தலையை ஆட்டிக்கொண்டார். சிஸ்டர் மட்டும், "இங்கே சொல்ல முடியாது. அவளுக்கு முன்னால் சொல்ல மாட்டீர்கள்" என்று மெல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு டீச்சரைக் கோகிலாவுடன் இருக்கச் சொல்லிவிட்டு, விடைத்தாளை எடுத்துக்கொண்டார். நான் அவர்கள் இருவரையும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கூட்டிப்போனேன். கோகிலாவின் காது கூர்மையானது.

சொன்னேன். பேராசிரியர் பக்கத்தைப் புரட்டிப் படித்தார். "ஆமா. ராஜ்ய சபான்னு போட்டு லோக் சபா கதை" என்றார். பிறகு, "ஒனக்கு இது தெரியும்னு நான் எப்படி நம்புறது? நீயே தப்பா எழுதியிருக்கலாமே?" என்றார்.

சிஸ்டர்தான் சொன்னார். "அவருக்குத் தெரிந்ததா என்பது வேண்டாம். சரியான பதில் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வரும். தப்பு புத்தகத்தில் இல்லை. அது ஒருவர் தலையிலிருந்துதான் வர முடியும். யார் தலையிலிருந்து வந்தது என்று கேட்டுவிடலாம்." பிறகு, "ஆனால் இந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். எது என்று அவள் தெரிந்துகொள்ளக் கூடாது. மூன்று பதில்களைக் கேளுங்கள். இது நடுவில் வரட்டும்" என்றார்.

பேராசிரியர் அதை மரியாதையாகச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும். உள்ளே போய், பட்டும் படாத குரலில், முன்னே சொன்ன ஒரு பதிலைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். பிறகு மாநிலங்களவை. நான் சுவரில் சாய்ந்து நின்றேன். பதற்றத்தில் தப்பித் தவறிச் சரியாகச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குக் கவலை. ஒரு பிள்ளை தப்பாகச் சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஐந்து ஆண்டுகள், கலைந்துவிடும் என்று வரி பிசகாமல் வந்தது. பேராசிரியரின் விரல் தாளில் வரிக்கு வரி நகர்ந்தது. மூன்றாவதையும் கேட்டார். அதையும் சொன்னாள்.

அவர் தாளை மூடி மேசையில் வைத்தார். "எழுதுங்க. போன நேரத்தக் கூட்டிக் குடுத்துருங்க சிஸ்டர்." வாசலில் நின்று, "கண்ண மூடிக் கேட்டு அப்படியே எழுதுறான்யா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போனார்.

மீதிப் பதில்களை எழுதினோம். கடைசியில் எல்லாவற்றையும் படித்துக் காட்ட வேண்டும். சிஸ்டர் கதவருகே நின்றிருந்தார். நான் முதலிலிருந்து படித்தேன். மாநிலங்களவை வந்தபோது குரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வேகம் கூடவில்லை, குறையவில்லை. முடித்தேன்.

"நேரமிருக்குங்ளா?"

"இருக்கு."

அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கட்டைவிரலால் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்கு மூச்சை எப்படி விடுவது என்றே தெரியவில்லை.

"கட்டிருங்ணா" என்றாள். தாள்களை நூலால் கட்டிக் கொடுத்தேன்.

தேறிவிட்டாள். மதிப்பெண் கரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அந்தப் பதிலுக்கு ஒன்றும் விழுந்திருக்காது. அவள் பி.எட். சேர்ந்து ஊர் மாறிப்போனாள். அதற்குப் பிறகு சிஸ்டர் அந்த அறையில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைக்க ஏற்பாடு செய்தார். அதன் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் என் கவலைகளில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. நிறையப் பிள்ளைகளுக்கு எழுதினேன். அப்படி ஒரு நாள் மறுபடி வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் ஒரு தொலைபேசி வந்தது.

"ஏனுங்ணா, கோகிலா பேசறேனுங்க. நல்லாருக்கீங்ளா?"

ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். அண்ணனே தினமும் வண்டியில் கொண்டுவந்து விடுகிறாராம். கணினி வரப்போகும் செய்தியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பேசிக்கொண்டே இருந்தவள், "அந்த ராஜ்ய சபாவ இன்னும் மறக்கலீங்ணா" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. "ஒனக்கெப்படித் தெரியும்?"

"மூணு பதில் கேட்டாருங்க. மூணுல ஏதோ ஒண்ணு நொட்டைன்னு அப்பவே பட்டுதுங்க. எதுன்னு தெரியலீங்க. அப்புறம் நீங்க படிச்சுக் காட்டுனீங்க பாருங்க. மத்ததெல்லாம் எப்பவும் போலத் தடவித் தடவிப் படிச்சீங்க. அத மட்டும் கோயில்ல வாசகம் வாசிக்கற மாதிரி அம்புட்டுச் சீராப் படிச்சீங்க. செத்த நேரம் உள்ளுக்குள்ள ஓட்டிப் பாத்தேனுங்க. பிடிபட்டுப்போச்சு. என் ஃப்ரெண்டு பதியறப்ப நடுவுல மெஸ் மணி அடிச்சிருச்சுங்க. நிறுத்திட்டுச் சாப்பிடப் போயிட்டா. திரும்பி வந்து அடுத்த பாடத்தத் தலைப்புச் சொல்லாமப் படிச்சிருக்கறா. நானும் ரெண்டும் ஒண்ணுன்னே கேட்டுக்கிட்டு இருந்திருக்கறேனுங்க."

"பெறகு ஏன்த்தா மாத்தலை? நேரம் இருந்துச்சே!"

"மாத்தியிருந்தா, நீங்க வெளிய போய்ட்டு வந்து எனக்கு எப்படியோ சொல்லிக் குடுத்தீங்கன்னு ஆகியிருக்காதுங்ளா? சிஸ்டர் வேற கதவுகிட்ட நின்னுட்டிருந்தாங்க. மூச்சு கேட்டுச்சுங்க. தேறீருவேன்னு ஒரு கணக்கு இருந்துச்சு. தேறாட்டி என்ன பண்ணியிருப்பேன்னு கேக்காதீங்க."

அவ்வளவு பழகியும் என் குரல் காட்டிக்கொடுத்திருக்கிறதே என்ற கவலை ஒரு பக்கம். இவ்வளவு நாள் எனக்குத் தெரியாமல் இருந்ததே என்பது இன்னொரு பக்கம்.

"இருக்கீங்ளாண்ணா?" என்றாள். "இப்ப நானே அந்தப் பாடம் நடத்தறேனுங்க. ஆறு வருசம், கலையாதுன்னு சொல்லிப்போட்டு மேசையில ஒரு தட்டுத் தட்டுவேன். பிள்ளைகளுக்கு ஏன்னு தெரியாது. எழுதிக்குவாங்க."

கைப்பேசியின் முதுகில் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

அவள் அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.